முதல் வருஷக்காரர்களின் சரித்திரம்

மலர்க் குழுவில் இருக்கும் என் செட் நண்பன் போன் செய்து, "நம்ம காலேஜ் ஹிஸ்டரி பத்தி ஒரு கட்டுரை குடுடா, நாலு பக்கம் போதும்" என்றான். சரி என்று ஒப்புக்கொண்டு, பழைய மலர்கள் சிலவற்றை எடுத்துப் புரட்டினேன். முதல்வர்களின் வரிசை இருந்தது. சிவப்புக் கட்டடத்தின் படம் இருந்தது. எந்தத் துறை எந்த ஆண்டு ஆரம்பம் என்ற பட்டியல் இருந்தது. பெரிய பதவிக்குப் போனவர்களின் பெயர்கள் இருந்தன.

எல்லாம் சரிதான். ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் யாருமே எழுதவில்லை. டிரங்குப் பெட்டியும் பக்கெட்டுமாக ஹாஸ்டல் வாசலில் வந்து நின்று, "இங்கே நமக்குச் சரிப்பட்டு வருமா?" என்று முழித்தானே, அந்த முதல் வருஷக்காரன்! நாம் எல்லோருமே ஒரு காலத்தில் அவனாக இருந்தவர்கள்தானே? ஆகவே இந்தக் கட்டுரை அவனுடைய சரித்திரம். கொஞ்சம் என்னுடையதும்.

எட்டுப் பையன்கள்

கிண்டியில் நாம் படித்த கல்லூரியின் வேர் 1794இல் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அப்போது நிலம் அளக்க ஆள் தேவை. இங்கிலாந்திலிருந்து சர்வேயர்களைக் கப்பலில் வரவழைப்பது கட்டுப்படியாகாது. வானியல் வல்லுநரான மைக்கேல் டாப்பிங் என்பவரின் யோசனைப்படி கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சர்வே பள்ளி தொடங்கப்பட்டது. முதலில் சேர்ந்தவர்கள் எட்டே பேர். ஜான் கோல்டிங்ஹாம் அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் இப்பள்ளிக்குப் பையன்கள் வந்தது எழும்பூரில் இருந்த ஆண்கள் அநாதைப் பள்ளியிலிருந்து. அந்தப் பள்ளியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். இவர் சென்னையில் ஒரு காட்சியைப் பார்த்தார். நம் திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படித்துக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒரு வழக்கம் உண்டே, பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பது? அதே மாதிரியான ஏற்பாட்டைத் தன் பள்ளியில் கொண்டுவந்தார் பெல். முன்னால் கற்றவன் பின்னால் வந்தவனுக்கு வாத்தியார். 1797இல் அவர் இதைப் பற்றிப் புத்தகம் போட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பல பள்ளிகளுக்குப் பரவியது.

'சீனியர்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருந்த பழைய அர்த்தம் இதுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1859இல் பள்ளி 'சிவில் இன்ஜினியரிங் கல்லூரி' ஆயிற்று. பல ஆண்டுகள் சேப்பாக்கம் கலச மகாலில் இருந்துவிட்டு 1920இல் கிண்டிக்கு வந்தது. 1894இல் மெக்கானிக்கல், 1930இல் எலெக்ட்ரிக்கல் என்று துறைகள் வளர்ந்தன. இதெல்லாம் பழைய மலர்களில் விரிவாகவே உள்ளது. நான் நேராக 1940க்கு வந்துவிடுகிறேன்.

ஹாஸ்டலில் ஒருவர் மட்டும்

அந்த ஆண்டு எலெக்ட்ரிக்கல் முதல் வருஷத்தில் ஒரு பெண் சேர்ந்தார். பெயர் ஏ.லலிதா. 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் காலமாகிவிட்டார். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் இளம் விதவைக்கு ஊர் என்ன விதித்து வைத்திருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் குவீன் மேரீஸ் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். தந்தை பப்பு சுப்பாராவ் நம் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் பேராசிரியர். மகளுக்கு இடம் கேட்டு, முதல்வர் கே.சி.சாக்கோவிடம் பேசினார். அனுமதி கிடைத்தது.

கதவு திறந்துவிட்டது. கதை முடிந்ததா? இல்லை, அங்கேதான் ஆரம்பம். இத்தனை ஆண்கள் படிக்கும் கல்லூரியில் ஒரே ஒரு பெண். வகுப்பில் அவருக்குப் பெரிய சங்கடம் இருக்கவில்லையாம். ஹாஸ்டல் தனிமைதான் வாட்டியதாம். பிற்காலத்தில் அவருடைய மகள் இதைச் சொல்லியிருக்கிறார். குழந்தை வேறு உறவினர் வீட்டில். வகுப்பு முடிந்து அறைக்கு வந்தால், இன்றைக்கு லேபில் என்ன நடந்தது என்று சொல்லிச் சிரிக்கக்கூட ஆள் கிடையாது.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பெண்ணிடம் யாரும் "நீ தைரியமாக இரு" என்று உபதேசம் செய்யவில்லை. "பெண்களும் விண்ணப்பிக்கலாம்" என்று விளம்பரம் கொடுத்தார்கள்! அடுத்த செட்டில் பி.கே.திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று இருவர் சிவிலில் சேர்ந்தார்கள். ஹாஸ்டலில் ஒருவர் மூவரானார்கள். போர்க்காலத்தில் படிப்பைச் சுருக்கியதால் மூவரும் ஒரே சமயத்தில் பட்டம் பெற்றார்கள். பட்டத்தில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அச்சடித்து வைத்திருந்ததால், அதை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் எழுத வேண்டியிருந்தது!

லலிதா பின்னாளில் கல்கத்தாவில் வேலை பார்த்து, பக்ரா நங்கல் அணைக்கான மின்பாதை வேலைகளில் பங்கு கொண்டார். 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர் மாநாட்டுக்குப் போய் வந்தார். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அதே காலத்தில் மெக்கானிக்கல் படித்து வெளியே போனவர்தான் அமுல் வர்கீஸ் குரியன் என்பது கூடுதல் செய்தி.

நானும் எலெக்ட்ரிக்கல் ஆள். இன்று துணை மின்நிலைய வடிவமைப்பில் பிழைப்பு நடத்துகிறேன். நாலு வருஷம் அதே துறையில் படித்தும் லலிதாவின் பெயர் எனக்குத் தெரியாது. வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. முதல் வருஷத்திலேயே தெரிந்திருக்கலாமே என்று இன்றும் நினைப்பேன்.

வளையலும் பி.யு.சி.யும்

சிலருக்குத் தனிமை பிரச்சினை என்றால், சிலருக்குப் பணம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்த ராமேசுவரத்துப் பையனுக்கு, சேர்க்கைக் கட்டணம் சுமார் ஆயிரம் ரூபாய் கட்ட வழியில்லை. அக்கா ஜொகரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்தப் பையன் அப்துல் கலாம். 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது எம்.ஐ.டி.யும் நம் கல்லூரியும் ஒரே குடும்பம் ஆகிவிட்டதால், அவரையும் நம் கணக்கில் சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை!

அதே 1978இல் இன்னொரு மாற்றம். தமிழ்நாட்டில் பள்ளிகளில் +2 வந்தது. அதற்கு முன்பு பள்ளி இறுதித் தேர்வு முடித்து, ஏதாவது ஒரு கல்லூரியில் பி.யு.சி. ஒரு வருஷம் படித்துவிட்டுத்தான் இன்ஜினியரிங் வர வேண்டும். தமிழ் மீடியம் பையனுக்கு இங்கிலீஷோடு முதல் குஸ்தி பெரும்பாலும் அந்த பி.யு.சி. கிளாஸிலேயே நடந்துவிடும். விழுந்து எழுந்து, காயமெல்லாம் ஆறித்தான் இங்கே வருவான். +2 வந்த பிறகு அந்த ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டது. நல்ல மாற்றம்தான். ஊரிலேயே படிக்கலாம், செலவும் குறைவு. ஆனால் குஸ்தி மட்டும் நேராக இன்ஜினியரிங் காலேஜ் முதல் செமஸ்டருக்கு வந்து சேர்ந்தது. முதல் வருஷக்காரனின் சரித்திரத்தில் இது பெரிய திருப்பம். யாரும் அதிகம் பேசாத திருப்பம்.

1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. கோச்சிங் போக வசதியுள்ள நகரத்துப் பிள்ளைகளுக்கு அது கை கொடுத்தது. கிராமத்துப் பிள்ளைகள் +2வில் நல்ல மார்க் வாங்கியும் அங்கே சறுக்கினார்கள். பேராசிரியர் மு.ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு சட்டம் இயற்றி, 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். கணக்குக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200க்கு கட்-ஆஃப்.

அப்படிக் கதவு திறந்தபோது உள்ளே வந்த முதல் செட் நாங்கள்.

அணிக்கோவை

போளூர் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், +2 கணக்கில் 196. கலந்தாய்வுக்கு அப்பாவோடு வந்தேன். மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு, திரையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய் எலெக்ட்ரிக்கல் எடுத்தேன். ஹாஸ்டலில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது அப்பா சொன்னார்: "பயப்படாத. புடிக்கலன்னா வந்துடு. ஆனா ஒரு தடவ பரீட்சை எழுதிட்டு வா."

முதல் வாரம் கணக்கு வகுப்பு. 'டிட்டர்மினன்ட்', 'மேட்ரிக்ஸ்' என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே போகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அரை மணி நேரம் கழித்து போர்டில் ஒரு கணக்கு போட்டார். அட, இது நம்ம அணிக்கோவை! இதை நான் தூக்கத்தில் கூடப் போடுவேனே! கணக்கு தெரியும். பெயர்தான் தெரியாது. வகையீடு, தொகையீடு, உந்தம், மின்தடை என்று எனக்குத் தெரிந்த ஆட்களெல்லாம் வேஷம் மாற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். யார் யார் என்று அடையாளம் கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்துவிடும். கேள்வி கேட்கலாம் என்றால், அதையும் இங்கிலீஷில்தானே கேட்க வேண்டும்?

அறையில் நாங்கள் மூன்று பேர். ஒருவன் நகரத்துப் பையன், நல்லவன், சாயங்காலம் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவான். இன்னொருவன் என்னைப் போலவே தமிழ் மீடியம். பெயர் வேண்டாம். என்னைவிடக் கட்-ஆஃப் அதிகம். அதிகம் பேச மாட்டான். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, வராண்டா வெளிச்சத்தில் கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் ஒருக்களித்துப் பார்ப்பேன். எனக்கே நூறு கவலை. போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

பத்து நாள் கழித்து அவன் அப்பா வந்தார். வேட்டி, தோளில் துண்டு. பெட்டியை எடுத்துக்கொண்டு, கட்டிலை ஒரு தடவை கையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, அவன் உங்ககிட்ட எதுனா சொன்னானாப்பா?"

"இல்லைங்க" என்றேன். உண்மைதான், அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனதை இதை எழுதும்போதும் பார்க்கிறேன்.

நாற்பது பக்க நோட்டு

நவம்பரில் ஒரு நாள், மெஸ்ஸில் என் பக்கத்தில் தட்டோடு வந்து உட்கார்ந்தார் இறுதியாண்டு அண்ணன் ஒருவர். "எந்த ஊருப்பா? தமிழ் மீடியமா?" என்றார். ஆமாம் என்றதும், சாப்பிட்டு முடித்து அறைக்குக் கூட்டிப்போய் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் இங்கிலீஷ் சொல். அணிக்கோவை - டிட்டர்மினன்ட், சார்பு - ஃபங்ஷன் என்று முதல் வருஷப் பாடம் முழுக்க. அது அவர் எழுதியதும் இல்லை, அவருக்கு ஒரு அண்ணன் கொடுத்தது. மூன்று பேர் கையெழுத்து அதில் இருந்தது.

நோட்டு எனக்கு வந்தது நாற்பது நாள் தாமதம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அது சரியான நேரம். என் அறைத் தோழனுக்குத்தான் தாமதம்.

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. +2வில் 196 வாங்கிய நான், கணக்கில் யூ! அரியர்! போர்டு முன்னால் கூட்டம் கலைகிற வரை நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன். அப்பா சொன்ன "ஒரு தடவ பரீட்சை எழுதிட்டு வா" என்பதை எழுதியாகிவிட்டது அல்லவா? ஆனால் அந்த அண்ணன் தேடி வந்தார். "எனக்கு ரெண்டு யூ. உனக்கு ஒண்ணுதான? போய் டீ சாப்பிடலாம் வா" என்றார். அடுத்த தடவை அரியரைக் கிளியர் செய்தேன். மேலே படித்து 2011இல் வெளியே வந்தேன். அவ்வளவுதான் என் கதை.

ராகிங் பற்றி ஒரு வார்த்தை

மலர்களில் ராகிங்கை 'இனிய நினைவு' என்று எழுதுவது ஒரு வழக்கம். மூத்தவர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்டார். அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997இல் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். 2009இல் யு.ஜி.சி. விதிமுறைகள் நாடு முழுவதும் வந்தன. சேரும்போதே மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி எழுதிக் கொடுக்கிற வழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

"ராகிங் இல்லாவிட்டால் சீனியர் ஜூனியர் பழக்கமே போய்விடும்" என்று சிலர் வாதம் செய்வார்கள். 1790களில் எழும்பூர்ப் பையன்கள் எப்படிப் பழகினார்கள்? பாடம் சொல்லிக் கொடுத்துப் பழகினார்கள். எனக்கு அந்த அண்ணன் நோட்டைக் கொடுத்துப் பழகினார். தொந்தரவு கொடுத்த சீனியரை மறந்துவிடுவோம், உதவினவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்றும் போகிறோம். இதைவிட வேறு என்ன ருசு வேண்டும்?

2010க்குப் பிறகு

நான் இறுதியாண்டில் இருந்தபோது, 2010இல், சிவிலிலும் மெக்கானிக்கலிலும் தமிழ் வழி வகுப்புகள் ஆரம்பமாயின. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் அதே ஆண்டுதான். "தமிழில் படித்தால் வேலை கிடைக்குமா?" என்ற கேள்வியோடே அந்தத் தம்பிகள் உள்ளே வந்தார்கள். பாடம் தமிழில் இருந்தாலும், லைப்ரரியில் பெரும்பாலான புத்தகங்கள் இங்கிலீஷ்தானே? ஒரு தம்பியைக் கூப்பிட்டு அந்த நோட்டைக் கொடுத்தேன். அதற்குள் அதில் என் கையெழுத்தும் சேர்ந்து நாலாகியிருந்தது.

அதன் பிறகும் கதவுகள் திறந்தபடிதான் இருக்கின்றன. கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனில். புதிதாக வருகிறவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி என்று ஏ.ஐ.சி.டி.இ. 2017இல் கொண்டுவந்தது. 2020இல் சேர்ந்த தம்பி தங்கைகள் முதல் வகுப்பையே கைபேசித் திரையில் பார்த்தார்கள், பக்கத்துப் பெஞ்ச் நண்பனின் முகம் தெரியாமல். 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது.

ஒவ்வொரு தடவையும் சட்டம் கதவைத் திறக்கும். அது சட்டத்தின் வேலை, அதைச் செய்தவர்களுக்கு நன்றி. உள்ளே வந்தவனுக்கு உட்கார இடம் கொடுப்பது பக்கத்தில் இருக்கிறவன் வேலை. லலிதாவுக்குத் துணை தேடிக் கொடுத்தவர்கள் இதை அன்றைக்கே புரிந்துகொண்டார்கள்.

கடைசியாக

2019இல் என் பழைய அறைத் தோழனைத் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் பார்த்தேன். ஊரிலேயே பி.எஸ்ஸி. கணக்குப் படித்து, பி.எட். முடித்து, அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறான். நன்றாக இருக்கிறான். டீ குடித்துக்கொண்டே, பன்னிரண்டு வருஷமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "ஏன்டா போன?"

சிரித்தான். "ரெக்கார்ட் நோட் எப்படி எழுதணும்னு தெரியல. உங்கிட்ட கேக்கலாம்னு ரெண்டு நாள் எந்திரிச்சு வந்தேன். நீ தூங்கிட்டிருந்த."

நான் தூங்கவில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

இதைப் படிக்கும் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுத் தம்பி தங்கைகளே! உங்கள் ஹாஸ்டலில், உங்கள் மெஸ்ஸில், தனியாகத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் முதல் வருஷப் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். அது வந்து உங்களைக் கேட்காது. நீங்கள்தான் போய், "எந்த ஊருப்பா?" என்று கேட்க வேண்டும். அதுவும் முதல் நாற்பது நாளுக்குள் கேளுங்கள்.

சந்திப்புக்கு வரும் மூத்தவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மேடை நிகழ்ச்சி முடிந்து போட்டோ எடுத்த பிறகு, கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் முதலாண்டு மாணவர்களோடு உட்காருங்கள். நீங்கள் வாங்கிய பதக்கத்தைப் பற்றி வேண்டாம். உங்கள் முதல் அரியரைப் பற்றிச் சொல்லுங்கள்.

அந்த நோட்டு இப்போது யாரிடம் இருக்கிறதோ, தெரியவில்லை. இந்த மலரைப் பார்த்தால் அந்தத் தம்பியோ தங்கையோ சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும். அதைத் திருப்பிக் கேட்கவில்லை. எத்தனை கையெழுத்து சேர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க முதல் வருஷக்காரர்கள்!